துயரத்துக்குப் புள்ளி போட்டவர்கள்

எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் என்னைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் "என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு, பதில் கிடைக்காமல், ஏமாந்த முகத்தோடு தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். புருஷன் கைநீட்டுகிறாரா? இல்லை. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கர். கோழியைக்கூட அதட்டத் தெரியாதவர். பிள்ளைக்கு ஏதாவது? மகள் கொழுகொழுவென்று ஓடித் திரிந்தாள். மாமியார் கொடுமையா? மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு சாவையோ, ஒரு நஷ்டத்தையோ, ஒரு அவமானத்தையோ நான் எடுத்து நீட்டியிருந்தால் அவர்களுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. ஒரே மண்டபம், அதற்குள் ஐந்து வகுப்பு, எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தி. ஒரு நாள் கரும்பலகையில் 'மாடு' என்று எழுதப் போனவள் 'மா' வரைக்கும் எழுதிவிட்டு நின்றுவிட்டேன். அடுத்த எழுத்து மறக்கவில்லை. அதை எழுத வேண்டிய அவசியம் என்ன என்று தெரியவில்லை. சுண்ணக்கட்டியைப் பிடித்த கை மேலேயே இருந்தது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு சத்தம் நின்றது. யாரோ தொழிற்சாலைக்கு ஓடி, என் கணவர் வந்து கையைக் கீழே இறக்கி என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

வைத்தியம் தொடங்கியது. தோட்டத்து மருந்துக்காரரை நாங்கள் மரியாதைக்கு டாக்டரையா என்போம். அவரிடம் எல்லா நோய்க்கும் ஒரு சிவப்புத் தண்ணீர் இருந்தது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் அதையே எனக்கும் கொடுத்தார். நாங்கள் வேதக்காரர்கள் என்பதால் உபதேசியார் வந்து முழங்காலில் நின்று, என் நன்றி கெட்ட இருதயத்தை மன்னிக்கும்படி ஆண்டவரைக் கேட்டுக்கொண்டார். அவர் முன்கதவால் போனதும் என் நாத்தனார் பின்கதவால் ஒரு கோடாங்கியை அழைத்து வந்தாள். உடுக்கை அடித்து அவன் கண்டுபிடித்ததெல்லாம், ஆற்றோரம் தொங்கிச் செத்த ஒருத்தி என் மேல் ஏறியிருக்கிறாள் என்பதுதான். ஸ்டாப் குவார்ட்டர்ஸ் பெண்கள் இதையெல்லாம்விடச் சுருக்கமாக முடித்துவிட்டார்கள். வேலை குறைவாக இருக்கிறவர்களுக்கு வருகிற நோய் இது என்றார்கள். ஐந்து வகுப்பை ஒரே நேரத்தில் மேய்க்கிறவளுக்கு!

கடைசியில் என் கணவர் யாரையும் கேட்காமல் என்னை பஸ்ஸில் ஏற்றி ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதன் பெயர் வேண்டாம். அங்கே எனக்குச் சுடுதண்ணீரும் கம்பிளியும் தந்த தாதிகள், எங்கள் பேச்சில் மிஸ்ஸிமார், நல்லவர்கள். கொழும்பிலிருந்து ஒரு மனநோய் டாக்டர் அங்கே மாற்றலாகி வந்திருக்கிறார் என்று யாரோ என் கணவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் இளம் வயதுக்காரர். பெயர் தமிழ்ப் பெயர். நாக்கு மட்டும் லண்டனில் தங்கிவிட்டிருந்தது. "உங்களுக்கு… எப்பிடி… சொல்றது…" என்று இரண்டு சொல் தமிழ் பேசி, வியர்த்து, இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார். என்னை அவர் பரிசோதிக்கவில்லை. நாடி பார்க்கவில்லை. ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, "மிஸ், இதை நிரப்புங்கள். பிறகு பேசுவோம்" என்றார். அவர் பேசிய இங்கிலீஷையெல்லாம் நான் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

கொழும்பில் ஒரு பண்டிதரைக் கொண்டு மொழிபெயர்த்து, அச்சடித்துக் கொண்டுவந்த தாள் அது. மனநோயாளிகளின் துயரத்தையும் பயத்தையும் அளக்கும் கேள்விகள் என்று தலைப்பு. "அண்மைக்காலத்தில் உமது சித்தம் கிலேசமுற்றிருந்ததா?" "அன்றாடக் கருமங்களில் உமக்கு நாட்டம் குன்றியுள்ளதா?" "நீர் தண்டனைக்குரியவர் என எண்ணுகின்றீரா?" ஒவ்வொன்றின் கீழேயும் ஒருபோதும் இல்லை, சில வேளைகளில், பல வேளைகளில், எப்பொழுதும் என்று நான்கு கட்டங்கள். எந்தக் கட்டத்தில் கோடு போடுகிறோமோ அதற்கேற்ற புள்ளி. எல்லாவற்றையும் கூட்டினால் எவ்வளவு துயரம் என்று தெரிந்துவிடுமாம்.

பல மாதமாக எனக்குள் எதுவும் அசையவில்லை. அந்தத் தாளைப் படித்ததும் கோபம் வந்தது. சுத்தமான, நல்ல, ஆசிரியைக் கோபம். இந்த மலையில் எந்தத் தாய் பெற்ற பிள்ளைக்கு 'கிலேசம்' வருகிறது? அந்தக் கோபத்தைக் கொடுத்ததற்காக அந்தப் பண்டிதருக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன். பென்சிலை எடுத்துக் கட்டங்களை விட்டுவிட்டு வாக்கியங்களைத் திருத்த ஆரம்பித்தேன். 'சித்தம் கிலேசமுற்றிருந்ததா' என்பதை வெட்டி 'மனசு பாரமா இருக்கா' என்று எழுதினேன். பாதித் தாள் வரைக்கும் அப்படியே போனேன்.

பிறகு ஒரு கேள்வி வந்தது. "வைகறையில் துயில் கலைந்து, மீண்டும் உறங்கவியலாது, அவ்வேளையிலேயே உமது மனம் மிகத் தாழ்ந்திருக்கக் காண்கின்றீரா?"

பென்சில் நின்றுவிட்டது. விடியுமுன் விழித்துக்கொண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்புச் சத்தம் கேட்கும்வரை கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நான் கிடந்ததும், அந்த நேரம்தான் நாளிலேயே மிகக் கொடியது என்பதும் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் படுத்திருந்தவருக்குத் தெரியாது. முழங்காலில் நின்றவருக்கும் உடுக்கை அடித்தவனுக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை. கடைசியில் கேட்டது ஒரு அச்சடித்த தாள், அதுவும் இப்படிப்பட்ட தமிழில். நான் அந்த மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். அழுதுகொண்டே 'எப்பொழுதும்' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். அப்போதும் 'துயில் கலைந்து' என்பதை அடிக்காமல் விடவில்லை. பிறகு முதலிலிருந்து தொடங்கி எல்லாக் கேள்விக்கும் கோடு போட்டு முடித்தேன்.

டாக்டர் வந்து புள்ளிகளைக் கூட்டினார். அவர் முகம் மலர்ந்தது. "வெரி குட், மிஸ். தெளிவான கேஸ்" என்றார். வாழ்க்கையில் நான் எழுதிய எந்தப் பரீட்சைக்கும் இவ்வளவு பாராட்டு வாங்கியதில்லை.

என்னை வார்டில் சேர்த்து மாத்திரை தொடங்கினார்கள். வாய் வறண்டு, நாக்கு மரக்கட்டையாகிவிடும் மாத்திரை. அடுத்த நாளிலிருந்து டாக்டர் தன் தாள்களோடு கட்டில் கட்டிலாகப் போவதை நான் படுத்தபடியே பார்த்தேன். கேள்விகளை அவருக்காக ஒரு மிஸ்ஸி வாசிப்பாள். அவள் சிங்களத்தி. பண்டிதருடைய தமிழை அவள் சிங்கள வாயால் வாசிக்க, எங்கள் கொழுந்துக்காரப் பெண்கள் அதைக் கேட்க வேண்டும். அவர்களும் மரியாதை தெரிந்தவர்கள். சப்பாத்துப் போட்டவர் கையில் தாளோடு வந்து கேட்டால் "ஆமாங்க" என்று சொல்லிப் பழகியவர்கள். எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றார்கள்.

ஒரு கிழவியிடம் "உமது நிறை குறைந்துள்ளதா?" என்ற கேள்வி போனது. உடம்பு மெலிந்திருக்கிறதா என்று கேட்கிறார்களாம். கிழவிக்கு அது பிரமாதமாகப் புரிந்துவிட்டது.

"கொறையுதுங்க தொரை! தெனமும் தராசுல போட்டதும் கூடைக்குன்னு ரெண்டு றாத்தல் வெட்டிப்புடுறாரு கணக்கப்புள்ள. நீங்களாச்சும் கேளுங்க!"

டாக்டர் 'எப்பொழுதும்' கட்டத்தில் கோடு போட்டார்.

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு என்று சொல்ல முடியாது, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டாக்டர் திரும்பிப் பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்டார். கொழுந்து நிறுப்பதைப் பற்றிச் சொன்னேன். அவர் காது சிவந்தது. போய்விட்டார். மாலையில் என் கட்டிலுக்கு வந்து, நான் திருத்திய தாளை நீட்டி, "மிஸ், முழுவதையும் இந்த ஊர்த் தமிழில் மாற்றித் தருவீர்களா? கேள்வியும் நீங்களே கேட்பீர்களா?" என்றார்.

"நோயாளியே நோயாளிகளைக் கேக்கலாமா டாக்டர்?"

"உங்களுக்குப் பொழுது போகும்."

எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் ஏன் அப்படி அலைந்தார் என்பதை அன்று சொன்னார். கொழும்பில் அவருடைய பெரிய டாக்டர்கள், தோட்டக் கூலிகளுக்கு மனநோயில் இந்த வகையெல்லாம் வராது, அவர்கள் மூளை அவ்வளவு நுட்பமானதல்ல, அவர்களுக்கு வருவதெல்லாம் வயிற்று வலிதான் என்று சொல்லியிருக்கிறார்கள். அது பொய் என்று இவர் புள்ளிக்கணக்கோடு நிரூபிக்கப் போகிறாராம். மனிதர்கள் என்று நிரூபிக்க எங்களுக்கு ஒரு தாள் வேண்டியிருந்தது! ஆனால் அந்தப் பெரிய டாக்டர்களோடு ஒப்பிட்டால் இவர் தேவலாம். எழுதிக்கொடுக்கச் சம்மதித்தேன்.

எனக்கு அடுத்த கட்டிலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தாள். நெடுநெடுவென்று உயரம், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தேயிலை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் கூடையோடு செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, யார் தூக்கியும் எழும்பவில்லையாம். அதற்கு முன் சில கிழமையாகவே சரியாகச் சாப்பிடவில்லையாம். புருஷனும் கங்காணியும் லொறியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வந்ததிலிருந்து மிஸ்ஸிக்கும் பதில் சொல்லவில்லை, டாக்டருக்கும் பதில் சொல்லவில்லை. "ஆமாங்க"கூடச் சொல்லாத ஒரே ஆள்.

நான் தாளை மடியில் வைத்துக்கொண்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அக்கா, மனசு பாரமா இருக்கா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "டீச்சரம்மாதானே நீங்க? மேட்டுத் தோட்டத்து டீச்சரம்மா. ஒங்களுக்கு என்னா கேடு வந்துச்சு, இங்க வந்து படுத்திருக்கீங்க?"

"தெரியலக்கா."

"தெரியலியா? அப்ப எனக்கு மட்டும் என்னா தெரியும்!" என்றாள். அதற்குப் பிறகு பேசினாள்.

இந்தியாவுக்கு எத்தனை பேர், இலங்கைக்கு எத்தனை பேர் என்று இரண்டு நாட்டுப் பெரியவர்களும் தோட்டத்துத் தமிழர்களான எங்களைப் பங்கு பிரித்து ஒப்பந்தம் போட்ட மறு வருஷம் அது. அவளுடைய புருஷன் அவளைக் கேட்காமலே கண்டியிலிருந்த இந்திய அலுவலகத்துக்குப் போய், தன் பெயரோடு அவள் பெயரையும் சேர்த்து இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். ஒரே மகள். அவளை றொசல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு இங்கேயே பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. மகள் முதல் பிள்ளைக்கு முழுகாமல் இருந்தாள்.

"நான் அங்கிட்டுப் போயிட்டா அவ பெத்ததக் கூடப் பாக்க மாட்டேன் டீச்சரம்மா. நடுவுல கடலுங்க. நடந்து வர்ற தூரமா?"

தாளில் அடுத்த கேள்வி அதுதான். வெட்கத்தோடு கேட்டேன். "இனிமே என்ன ஆகப்போகுதோன்னு பயமா இருக்கா?"

"இம்புட்டு நேரம் என்னா கதையா சொன்னேன்?" என்றாள்.

'எப்பொழுதும்' என்று கோடு போட்டேன். தூக்கம் இல்லை, பசி இல்லை, வேலையில் கை போகவில்லை, சாமி கும்பிடவும் மனசில்லை. எல்லாக் கட்டமும் நிறைந்தது. டாக்டர் கூட்டிப் பார்த்தார். எனக்கும் அவளுக்கும் ஒரே புள்ளி.

அவருக்கு அது பெரிய சந்தோஷம். படித்த ஆசிரியைக்கும் படிக்காத கூலிப் பெண்ணுக்கும் ஒரே அளவு நோய் என்று தாள் சொல்லிவிட்டதே. அடுத்தடுத்த கட்டிலில் ஒரே மாத்திரையை விழுங்கினோம். காரணமே இல்லாமல் சரிந்தவள் நான். காரணத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாதவள் அவள். தாளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தாளைத் தயாரித்தவர்களுக்கு அது தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

என்னுடைய நோய்க்கு மாத்திரை கேட்டது. இதையும் மறைக்கப் போவதில்லை. ஒரு பகல் நேரம் மழை தகரத்தில் விழத் தொடங்கியது. என் கணவர் வந்து துவைத்துப் போட்ட துணி வெளியே கொடியில் கிடந்தது. ஐயோ, காயாதே என்று எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலை நம்ப முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஈரத் துணிக்காக எரிச்சல் படுகிறவள் பிழைத்துவிட்டாள் என்று அர்த்தம். எழுந்துபோய்த் துணியை எடுத்தேன். அந்தக் கிழமை என் புள்ளி இறங்கியது.

அவளுடைய புள்ளி இறங்கவில்லை. எப்படி இறங்கும்? டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அவளுக்கு வாய் வறண்டதும் தலை சுற்றியதும்தான் கூடின.

"டாக்டர், அவங்களுக்கு மகளை விட்டுப் போகணுமேன்னு கவலை" என்றேன்.

"கவலைக்குத்தான் கேள்வி இருக்கிறதே. நீங்கள்தானே கேட்டீர்கள்."

"கவலை எவ்வளவுன்னு கேட்டோம். எதுக்குன்னு கேக்கலையே. அதுக்குக் காரணம் இருக்கு."

"காரணத்துக்குப் புள்ளி இல்லை, மிஸ்." அவர் கோபப்படவில்லை. ஒரு மந்தமான பிள்ளைக்கு விளக்குவதுபோல் சொன்னார். "காரணம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. அதையெல்லாம் எடுத்துக்கொண்டால் அளக்கவே முடியாது."

அளக்க முடியாததை அளக்காமல் விட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்க வாய் வந்தது. ஆனால் அவர் அதற்குள் மிஸ்ஸியிடம் திரும்பி, அடுத்த கிழமை அவளுக்குக் கரண்ட் வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கரண்ட் என்றால் வார்டு முழுக்க நடுங்கும். தலையில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். சிலருக்கு அது நல்லதும் செய்தது, நானே பார்த்தேன். ஆனால் முடிந்து வருகிறவர்கள் தாங்கள் குடியிருக்கும் லயத்தின் பெயர் தெரியாமல் விழிப்பார்கள். என் அடுத்த கட்டில்காரி அதைப் பார்த்திருந்தாள். மறு நாள் காலை நாங்கள் இருவரும் பீலித் தண்ணீரில் முகம் கழுவும்போது என் கையைப் பிடித்தாள்.

"டீச்சரம்மா, அத வச்சா மறந்துபோவுமாமே. எம்மவ பேரு மறந்துட்டா?"

"திரும்ப ஞாபகம் வந்துரும்க்கா. கொஞ்ச நாள்ல வரும்."

"கொஞ்ச நாளு எனக்கு எங்க இருக்கு?" தண்ணீரைக் கையில் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டாள். "ஒங்களுக்குத்தானே அந்தத் தாளு தெரியும். என்னா சொன்னா வீட்டுக்கு விடுவாங்க?"

நான் யோசிக்கவே இல்லை. "எல்லாத்துக்கும் இல்லன்னு சொல்லுங்க. தூக்கத்துக்கு மட்டும் 'சில நேரம் வரமாட்டேங்குது'ன்னு சொல்லுங்க. ஒண்ணுமே இல்லன்னா அவரு நம்ப மாட்டாரு. சோத்துக் கோப்பையைக் காலி பண்ணிக் காட்டுங்க."

"சிரிக்கணுமா?"

"கொஞ்சமா."

டாக்டர் பக்கத்தில் நிற்க, நான் கேட்டேன். மனசு பாரமா இருக்கா? "இல்லீங்க." வேலை செய்ய ஆசை வருதா? "வருதுங்க, கொழுந்து முத்திப்போயிரும்ல." இனி என்ன ஆகுமோன்னு பயமா இருக்கா? அவள் ஒரு கணம் என் கண்ணைப் பார்த்தாள். "இல்லீங்க" என்றாள். பிறகு டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். பல்லெல்லாம் வெற்றிலைக் காவி. பாவம், அந்த மனிதர் அப்படியே உருகிவிட்டார். மாத்திரை சிலருக்குப் பிந்தித்தான் பிடிக்கும் என்று என்னிடம் பெருமையோடு சொன்னார். கரண்ட் நின்றது. இரண்டொரு நாளில் அவளை விட்டுவிட்டார்கள். அதற்குப் பின்னால் என்னையும் விட்டார்கள்.

நான் மறுபடியும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் ஒரு மனிதன் வந்து நின்றான். அவளுடைய புருஷன். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சரம்மா, சொகமாயிருச்சுன்னு சொல்லித்தானே ஆஸ்பத்திரியில விட்டாங்க? சொகமானவ ஏன் வீட்டுக்கு வரல?"

அவள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறவே இல்லை. ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போய் கோச்சி ஏறி நேரே றொசல்லையில் மகள் வீட்டில் இறங்கிவிட்டாள். அவன் இரண்டு தரம் கூப்பிடப் போயிருக்கிறான். வரமாட்டேன் என்றுவிட்டாள்.

நான் அவனைத் திட்டத் தயாராக இருந்தேன். "பொண்டாட்டியைக் கேக்காம எப்படி எழுதிக் குடுத்தீங்க?" என்றேன்.

"கேட்டா மட்டும்?" என்றான். குரல் உயரவில்லை. "இங்க இருக்கணும்னுதான் மொதல்ல எழுதிப்போட்டேன். எங்கப்பன் எங்க பொறந்தான்னு கேட்டாங்க. இங்கதான்னு சொன்னேன். அத்தாட்சி எங்கன்னாங்க. லயத்துல பொறந்தவனுக்கு எவன் அத்தாட்சி எழுதி வச்சான்? இல்லன்னுட்டாங்க. திரும்பவும் போட்டேன். திரும்பவும் இல்லன்னுட்டாங்க. அந்தப் பக்கமாச்சும் ஒருத்தன் ஆமான்னு சொல்றானேன்னு போயிட்டேன்."

அந்த மனிதனிடம் யாரும் எந்தத் தாளையும் நீட்டித் தூக்கம் வருகிறதா என்று கேட்டதில்லை. அவன் கண்ணைப் பார்த்தால் தாளே வேண்டியதில்லை. என் கணவர் அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார். நின்றபடியே குடித்துவிட்டுப் போனான்.

பள்ளி விடுமுறையில் நான் றொசல்லைக்குப் போய் அவளைப் பார்த்தேன். மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. அந்தத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அவளுக்கு வேலை கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாராம், வேறு தோட்டத்து ஆள் என்று. லயத்து வீட்டின் ஒரே காம்பராவில் ஐந்து பேர். அவள் விறகு பொறுக்கி விற்றுக்கொண்டிருந்தாள். கன்னம் அப்படியேதான் ஒட்டிப்போயிருந்தது.

"தூக்கம் வருதாக்கா?"

"தாளுக்குக் கேக்குறீங்களா, டீச்சரம்மா?"

"இல்ல, எனக்குத்தான்."

"வரல" என்றாள். "ஆனா முழிச்சுக் கெடந்தா எம்மவ பக்கத்துல படுத்திருக்கா. அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே கெடப்பேன்."

அதற்குச் சில மாதம் கழித்து டாக்டர் எனக்கு ஆள் அனுப்பினார். நுவரெலியாவில் டாக்டர்களும் தோட்டத்துத் துரைமாரும் கூடும் ஒரு கூட்டத்தில் அவர் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசப் போகிறாராம். நானும் வர வேண்டுமாம். போனேன். கணப்படுப்பு எரியும் அறை, வெள்ளைக்காரர்கள் சிலர், அவர்களைவிட வெள்ளைக்காரர்களாக இருந்த நம் ஆட்கள் பலர். டாக்டர் ஒரு பெரிய அட்டையில் கோடு வரைந்து தொங்கவிட்டிருந்தார். மருந்துக்கு முன் புள்ளி மேலே, மருந்துக்குப் பின் கீழே. நன்றாகத்தான் பேசினார். தொழிலாளிகளுக்கும் மற்றவர்களைப் போலவே மனம் உண்டு என்று அவர் சொன்னபோது அறையில் சிலர் மரியாதையாகத் தலையாட்டினார்கள், ஏதோ புதிய உரத்தைப் பற்றிக் கேட்டதுபோல.

பிறகு ஒரு துரை சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார். "டாக்டர், இந்தத் தாளை வைத்து உண்மையாகவே நோயாளி யார், வேலைக்குக் கள்ளமடிக்கிறவன் யார் என்று பிரிக்க முடியுமா? அப்படியானால் என் தோட்டத்துக்கு ஒரு கட்டு வேண்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. அது மோசம். யோசித்துவிட்டு, முடியலாம் என்றார். உதாரணத்துக்கு, பேச்சே இல்லாமல் வந்த ஒரு கொழுந்துக்காரி எப்படிப் படிப்படியாகக் குணமாகி வீடு திரும்பினாள் என்று சொல்லத் தொடங்கினார்.

நான் எழுந்து நின்றேன். என் இங்கிலீஷ் பள்ளிக்கூட இங்கிலீஷ்தான், ஆனால் சத்தம் ஐந்து வகுப்புக்குக் கேட்கும் சத்தம். "அவள் வீடு திரும்பவில்லை. குணமாகவும் இல்லை. என்ன பதில் சொன்னால் விடுவீர்கள் என்று என்னைக் கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்தேன்" என்றேன். நான் வெளியே வந்துவிட்டேன்.

டாக்டர் பின்னாலேயே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. "அப்படியானால் உங்களுடைய பதில்கள், மிஸ்? அவையும்…"

"என்னோடது உண்மை."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது டாக்டர்" என்றேன். "அதைத்தானே இவ்வளவு நாளும் சொன்னேன்."

அவர் என்ன செய்தார் என்று பிறகு மிஸ்ஸி மூலம் தெரிந்தது. கணக்கிலிருந்து அவளுடைய தாளை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் கொழும்புக்கு அனுப்பிவைத்தாராம். கூடைக்கு இரண்டு றாத்தல் வெட்டியதைப் பற்றிப் பேசிய கிழவி அதில் இருந்தாள். பண்டிதருடைய தமிழுக்கு "ஆமாங்க" சொன்ன அத்தனை பேரும் இருந்தார்கள். விரைவிலேயே பதவி உயர்வோடு கொழும்புக்குப் போய்விட்டார். அவருடைய மாத்திரையை நான் மேலும் ஒரு வருஷம் சாப்பிட்டேன்.

அந்தப் புருஷன் கடைசியில் தனியாகவே கிளம்பினான். அவன் போகும் நாளில் நான் ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். தகரப் பெட்டி ஒன்று, கம்பிளிச் சுருட்டு ஒன்று. அவளும் வந்திருந்தாள். வாழையிலையில் ரொட்டி கட்டிக் கொண்டுவந்திருந்தாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சம்பலு தனியா கட்டியிருக்கேன். கலந்துறாதீங்க, ஊசிப்போவும்" என்றாள்.

"பேரப்புள்ள எப்படி இருக்கான்?"

"இருக்கான். ஒங்க மூக்கு."

கோச்சி வந்தது. அவன் ஏறி, ஜன்னலால் கையை நீட்டினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள், பிறகு ஓடினாள், மேடை முடிகிற இடத்தில் நின்றாள். அங்கேயே உட்கார்ந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதுவும் கேட்கவில்லை.

வெகு நேரம் கழித்து எழுந்தாள். குழாயடியில் மூக்கைச் சிந்தி, முகத்தைக் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு, நான் பேக்கரியில் வாங்கிக் கொடுத்த பனிஸைப் பிய்த்துத் தின்றாள். முழுவதையும் தின்றாள்.

"றொசல்லைக்கு அடுத்த கோச்சி எப்பங்க, டீச்சரம்மா?" என்றாள். "புள்ளைய எம்மவகிட்ட விட்டுட்டு வந்துட்டேன். அவளுக்குக் குளிப்பாட்டத் தெரியாது."